கையை எங்கே போடுவது?

நீச்சல்: வாசகர் கேள்விகள், கோச் பதில்கள்

போன இதழில் மூச்சு வாங்குவதைப் பற்றி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கையைப் பற்றி. ஃப்ரீஸ்டைலில், அதாவது கவிழ்ந்து படுத்து இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் போட்டு நீந்துவதில், கை தண்ணீருக்குள் இறங்கும் அந்த ஒரு கணத்தில் இவ்வளவு வில்லங்கமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், இருக்கிறது. குளத்தில் நாங்கள் இதைக் ‘கை போடுறது’ என்போம். இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

வயது 34, ஐ.டி. வேலை. இரண்டு வருடமாக ஃப்ரீஸ்டைல் நீந்துகிறேன். நண்பன் போனில் எடுத்த வீடியோவில் என் வலது கை தலைக்கு முன்னால் குறுக்கே போய் இடது பக்கம் விழுகிறது. கோச் “அகலமாப் போடு” என்கிறார். நானும் அகலமாகத்தான் போடுகிறேன். அடுத்த வீடியோவிலும் அதே கதை! 25 மீட்டருக்கு 28 கை ஆகிறது. மூச்சு இடது பக்கம் மட்டும்.
– வேளச்சேரி வாசகர்

கோச் சொல்வதும் உண்மை, நீங்கள் சொல்வதும் உண்மை. உங்களை ஏமாற்றுவது உங்கள் தோள்தான்.

நம்புவதற்கு ஒரு சோதனை. வீட்டில் சுவரைப் பார்த்து ஒட்டி நின்று, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் தோளுக்கு நேராக மேலே தூக்குங்கள். உள்ளங்கை சுவரைத் தொடட்டும். நடுவிரல் நுனி இருக்கும் இடத்தில் வீட்டில் யாரையாவது சாக்பீஸால் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். பிறகு கண்ணைத் திறந்து, இரண்டு புள்ளிக்கும் நடுவே உள்ள தூரத்தை உங்கள் தோளின் அகலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என்னிடம் வருபவர்களில் பலருக்குப் புள்ளிகள் உள்ளே தள்ளித்தான் விழும். காரணம் பெரிய ரகசியம் இல்லை. சோறு பிசைவது, கீபோர்டு தட்டுவது, வண்டி ஹேண்டிலைப் பிடிப்பது என்று நாள் முழுக்க நம் கைகள் நெஞ்சுக்கு முன்னால்தான் வேலை செய்கின்றன. ‘நேர்’ என்றால் மூக்குக்கு நேர் என்று பழகிவிட்டன. தரையில் நிற்கும்போதே இப்படி என்றால், கவிழ்ந்து படுத்து, உடம்பு இப்படியும் அப்படியும் உருளும்போது கேட்கவே வேண்டாம்.

குறுக்கே போனால் என்ன நஷ்டம்? முன்னால் கை இடது பக்கம் போனால் இடுப்பு வலது பக்கம் ஒதுங்கும். உடம்பு நேராக இல்லாமல் பாம்பு மாதிரி நெளியும். அதைச் சமாளிக்கக் கால் இரண்டும் கத்தரிக்கோல் போல விரியும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. அதில் பக்கவாட்டில் காட்டும் ஒவ்வொரு விரற்கடைக்கும் விலை உண்டு. உங்கள் 28 கைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும். ஆனால் அந்த எண்ணிக்கையை இப்போது தொடாதீர்கள். எண்ணத் தொடங்கினால் கையை நீட்டி நீட்டிப் போட்டு, ஒவ்வொரு கைக்கும் நடுவே மிதந்து நின்றுவிடுவீர்கள். எண்ணிக்கை குறையும், நேரம் கூடும். அதனால் என்ன பிரயோஜனம்?

சரி, திருத்துவது எப்படி? உங்களுக்கு முன்னால் ஒரு கடிகாரம் படுத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தலை போகும் திசை 12. வலது கை 1 மணியில் இறங்க வேண்டும், இடது கை 11 மணியில். உங்களுக்கு நான் சொல்லப் போவது வேறு: வலது கையை 2 மணிக்குப் போடுங்கள். அபத்தமாகத் தோன்றும். கை எங்கோ பக்கத்து லேனுக்குப் போவது போல இருக்கும். வீடியோ எடுத்துப் பாருங்கள், கை 1 மணியில்தான் விழுந்திருக்கும். “அகலமாத்தானே போடறேன்” என்று சொன்னீர்களே, அந்த அகலம் போதாது. ‘இது தப்பு’ என்று உங்களுக்கே கூச்சம் வரும் அளவுக்கு அகலம் வேண்டும். கூச்சம் போகப் போக, பழைய ‘நேர்’ மறந்து புது ‘நேர்’ உடம்பில் ஏறும். நான் பார்த்தவரை மூன்று நான்கு வாரம் ஆகும், வாரத்தில் மூன்று நாள் போனால்.

அடுத்து, குளத்தின் அடியில் இருக்கும் கறுப்புக் கோடு. வேளச்சேரியில் 1995 தெற்காசிய விளையாட்டுகளுக்காகக் கட்டிய 50 மீட்டர் குளம் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தக் கோட்டின் அகலம் கிட்டத்தட்ட ஒரு சாண். மூக்கைக் கோட்டுக்கு நேர் மேலே வைத்து, பார்வையைக் கீழே செலுத்துங்கள். நீட்டிய கை கோட்டின் மேல் வந்து மறைத்தால் குறுக்கே போகிறது என்று அர்த்தம். கோட்டுக்கு வலப்பக்கம் வலது கை, இடப்பக்கம் இடது கை, நடுவில் கோடு முழுசாகத் தெரிய வேண்டும். காசு செலவில்லாத கோச் அது. முன்னால் வருபவர் மேல் மோதிவிடுவோமோ என்று தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே நீந்துகிறவர்களுக்கு இந்தக் கோச் கிடைக்க மாட்டார்.

இன்னொன்று. இடது பக்கம் மூச்சு வாங்குவதாகவும், வலது கை குறுக்கே போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். நீங்கள் தலையை இடது பக்கம் திருப்பும்போது முன்னால் நீண்டிருப்பது வலது கைதான். தலையை உருட்டாமல் தூக்கினால் தோளும் சேர்ந்து இழுபடும்; விழாமல் இருக்க வலது கை நடுவுக்கு வந்து தண்ணீரை அமுக்கும், பேருந்து குலுங்கும்போது கம்பியைப் பிடிப்பது போல. சந்தேகமிருந்தால் சுவரை உதைத்துக் கிளம்பி, மூச்சே வாங்காமல் ஆறு கை போட்டு நின்றுவிடுங்கள். அதை வீடியோ எடுங்கள். அந்த ஆறிலும் கை நேராகப் போனால், குறை கையில் இல்லை, மூச்சில் இருக்கிறது. அப்போது கையை எவ்வளவு திட்டினாலும் பயனில்லை. ஒரு காகில்ஸ் கண் தண்ணீருக்குள், ஒன்று வெளியே என்ற அளவுக்கு மட்டும் தலையைத் திருப்பப் பழகுங்கள்.

பயிற்சியை நீளமாக வைக்காதீர்கள். 25 மீட்டர், எட்டு முறை, நடுவில் நன்றாக ஓய்வு. களைப்பு வருவதற்கு முன்பே, முதல் பத்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். களைத்த பிறகு கை பழைய வீட்டுக்குத்தான் திரும்பும்.

எனக்கு 47 வயது. வலது தோளில் வலி. கட்டை விரல் முதலில் தண்ணீருக்குள் போக வேண்டும் என்று சின்ன வயதில் கற்றுக்கொண்டேன். இப்போது புதிய கோச் அது தவறு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– பெரம்பூர் வாசகி

புதிய கோச் சொல்வதை. இதை நான் கொஞ்சம் கோபத்தோடு எழுதுகிறேன், ஏனென்றால் அந்தக் கட்டை விரல் என் தோளையும் தின்றிருக்கிறது.

நான் மதுராந்தகம் பக்கம் கிணற்றில் கற்றவன். முதுகில் சுரைக்குடுக்கை கட்டி மாமா தள்ளிவிட்டார். நாய் நீச்சல், அப்புறம் தலையை வெளியே வைத்துக்கொண்டு தண்ணீரை அறைந்து போகும் நீச்சல். சென்னைக்கு வந்த பிறகு, எழுபதுகளின் கடைசியில், ஒரு குளத்தில் முறையாகச் சேர்ந்தேன். அங்கே முதல் பாடமே உள்ளங்கையை வெளிப்புறமாகத் திருப்பி, கட்டை விரல் முதலில் போகிற மாதிரி கை போடுவது. கற்றுக்கொடுத்தவர் மேல் தப்பில்லை. அமெரிக்கக் கோச் கவுன்சில்மேன் அறுபதுகளில் தண்ணீருக்கடியில் படம் எடுத்துப் பார்த்து, கை ‘எஸ்’ எழுத்துப் போல வளைந்து இழுக்கிறது என்று சொன்ன காலம். எஸ் போட வேண்டுமென்றால் கை முதலில் வெளியே போக வேண்டும், அதற்குக் கட்டை விரல் கீழே பார்க்க வேண்டும் என்று உலகம் முழுக்க அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் பல வருடம் அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் மன்னிக்கவும்.

நாற்பதைத் தாண்டியதும் ஒரு நாள் மொட்டை மாடிக் கொடியில் வேட்டி உலர்த்தக் கை தூக்கினேன். தோளுக்குள் ஊசி ஏற்றியது போல இருந்தது. இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. மருத்துவர் பார்த்துவிட்டு, “சார், கையை எப்படிப் போடறீங்க, காட்டுங்க” என்றார். காட்டினேன். “இதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை?” கணக்குப் போட்டுப் பார்த்தோம். 2 கிலோமீட்டர் என்றால் 25 மீட்டர் குளத்தில் 80 லேப். லேப்புக்கு 20 கை வீதம் 1,600. ஆளுக்குப் பாதி என்று பிரித்தால் தோள் ஒன்றுக்கு 800 முறை, ஒரே காலையில்.

என்ன நடக்கிறது என்று நீங்களே உட்கார்ந்த இடத்தில் பார்க்கலாம், வலி இல்லாத இடது கையால். கையை முன்னால் நீட்டி, கட்டை விரல் தரையைப் பார்க்கும்படி முறுக்கி, அப்படியே தலைக்கு மேலே கொண்டு போங்கள். ஓர் இடத்தில் இறுகும். இறக்கிவிட்டு, உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி வைத்து மறுபடி தூக்குங்கள். கொஞ்சம் தாராளமாகப் போகும். கட்டை விரல் கீழே போகும்போது மேற்கை எலும்பு உள்பக்கமாக உருளுகிறது. தோளின் மேலே எலும்பு ஒரு சின்னக் கூரை போல நிற்கிறது. அதற்கடியில் ஓடும் தசைநாண் அந்த நேரத்தில் நசுங்குகிறது. ஒரு முறை நசுங்கினால் ஒன்றுமில்லை. 800 முறை, வருடக் கணக்கில் என்றால் வீங்கத்தான் செய்யும். கையும் குறுக்கே போகிற வழக்கம் இருந்தால் இரண்டும் சேர்ந்து இன்னும் மோசம்.

முதலில் எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். வலியோடு நீந்தித் திருத்தலாம் என்று நினைக்காதீர்கள். அவர்கள் சரி என்ற பிறகு, உள்ளங்கை குளத்தின் தரையைப் பார்க்க, நடு மூன்று விரல் நுனிகளும் ஒன்றாக முதலில் இறங்கட்டும். முழங்கை மணிக்கட்டைவிட மேலே, மணிக்கட்டு விரலைவிட மேலே. விரல்களை விறைப்பாக ஒட்டவும் வேண்டாம், விரிக்கவும் வேண்டாம். பல வருடப் பழக்கம் என்பதால் கை தானாக முறுக்கிக்கொள்ளும். எனக்கு உதவிய தந்திரம் இது: கை தண்ணீருக்கு மேலே வரும்போது விரல் நுனிகளால் தண்ணீரின் மேல் மெல்லக் கோடு இழுத்துக்கொண்டே முன்னால் கொண்டு வருவது. அப்படி வந்தால் முழங்கை தானாக உயரும், கை தொங்கலாக வரும். தொங்குகிற கை முறுக்காது.

நான் நீந்தினால் குளமே திரும்பிப் பார்க்கிறது. என் மகள், “அம்மா, துணி துவைக்கிற மாதிரி இருக்கு” என்கிறாள். தப் தப் என்று சத்தம். ஏன்?
– திருவல்லிக்கேணி வாசகி

உள்ளங்கை தட்டையாக விழுகிறது, அல்லது முழங்கை முதலில் விழுகிறது. இரண்டிலும் சத்தம் வரும். சத்தம் பிரச்சினை இல்லை. கூடவே காற்றும் உள்ளே போகிறதே, அதுதான் பிரச்சினை. கையைச் சுற்றிக் குமிழி இருந்தால் இழுக்கும்போது தண்ணீர் பிடிபடாது, வழுக்கும். தண்ணீருக்கடியில் கண்ணைத் திறந்து உங்கள் கையைப் பாருங்கள். வெள்ளையாக நுரை சுற்றியிருந்தால் காற்று. கையின் நிறம் தெரிந்தால் நல்லது.

உங்களுக்கு வளையல் உதாரணம் சொல்கிறேன், என் மாணவி ஒருவர் எனக்குச் சொன்னது. கொஞ்சம் சின்ன அளவு கண்ணாடி வளையலை எப்படிப் போடுவீர்கள்? விரலைக் குவித்து, நுனியை முதலில் விட்டு, மெதுவாக மணிக்கட்டு, அப்புறம் கை. தண்ணீரின் மேல் ஒரு வளையல் மிதப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். விரல், மணிக்கட்டு, முழங்கை எல்லாம் அந்த ஒரே வளையத்துக்குள் போக வேண்டும். உடைந்தால் சத்தம் கேட்கும், உங்களுக்கே தெரியும்.

விரலைக் குவிப்பதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நுழைகிற விதம்தான் முக்கியம்.

ஒரு கோச் “எவ்வளவு முடியுமோ அவ்வளவு எட்டிப் போடு” என்கிறார். இன்னொருவர் “தலைக்குப் பக்கத்திலேயே போடு” என்கிறார். நடுவில் நான்!
– நந்தனம், கல்லூரி மாணவர்

நடுவில்தான் விடையும் இருக்கிறது, தம்பி. கையைத் தண்ணீருக்கு மேலேயே முழுசாக நீட்டிவிட்டுப் போட்டால் முழங்கை கீழே தொங்கி, கை முழுவதும் பலகை போல விழும். தலைக்கு ஒட்டிப் போட்டால் நீட்டும் தூரம் முழுக்கத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். தலை உச்சிக்கும், கை முழுசாக நீண்டால் எட்டும் இடத்துக்கும் பாதியில் விரல் இறங்கட்டும். மீதியைத் தண்ணீருக்கடியில் நீட்டுங்கள், தோளோடு சேர்த்து. ‘எட்டிப் போடு’ என்ற கோச் சொல்வது அந்த நீட்டலைத்தான் என்று வைத்துக்கொள்வோம், இருவருக்கும் மரியாதை.

நீட்டும்போது விரல் நுனி மேலே பார்க்கக் கூடாது. கத்திப்பாராவில் போக்குவரத்துக் காவலர் ‘நில்’ என்று கை காட்டுவாரே, அந்தக் கை. தண்ணீரும் நின்றுவிடும், நீங்களும் நின்றுவிடுவீர்கள். நுனி எப்போதும் சற்றுக் கீழே சாய்ந்திருந்தால் நீட்டி முடித்ததும் அப்படியே பிடித்து இழுக்கலாம்.

நீலாங்கரையில் ஞாயிறு காலை ஒரு குழுவோடு கடலில் நீந்துகிறேன். அங்கே சிலர் கையை மடக்காமல் காற்றாடி போலச் சுற்றிப் போடுகிறார்கள். வேகமாகவும் போகிறார்கள். அது தவறான முறைதானே?
– அடையாறு வாசகர்

இல்லை. ஜேனட் எவன்ஸ் அப்படித்தான் நீந்தினார். குள்ளமான பெண், கையைக் காற்றாடி போலச் சுற்றி 1988 சியோல் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வாங்கினார். அடுத்த ஆண்டு 800 மீட்டரில் அவர் வைத்த 8 நிமிடம் 16.22 விநாடி உலக சாதனை 2008 வரை நின்றது. கை காற்றில் எந்த வழியில் வருகிறது என்பதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்கலாம். அலை இருக்கும் கடலில் தாழ்வாக வரும் கை அலையில் இடிக்கும், அதனால் அங்கே உயர்த்திக் கொண்டு வருவதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் தண்ணீரைத் தொடும் இடத்தில் சலுகை கிடையாது: தோளுக்கு நேர், விரல் முதலில், அறையாமல்.

கடலில் கறுப்புக் கோடு இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். கை குறுக்கே போகிறவர் கடலில் ஒரு பக்கமாகவே ஒதுங்கிப் போவார். கரையில் நிற்பவருக்குத்தான் அது தெரியும். 1994இல் நம் சென்னைப் பையன் குற்றாலீஸ்வரன் பன்னிரண்டு வயதில் இங்கிலீஷ் கால்வாயைக் கடந்தபோது எத்தனை ஆயிரம் கை போட்டிருப்பான் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. அவ்வளவு கைக்கும் தாங்குகிற தோள் வேண்டும். படகும் ஆளும் கூட இல்லாமல் கடலில் இறங்காதீர்கள். மெரினாவில் இறங்கவே கூடாது, அங்கே குளிக்கவே தடை.

கைப் பேடில் (உள்ளங்கையில் மாட்டிக்கொள்ளும் தட்டு) வாங்கலாமா?
– அம்பத்தூர் வாசகர்

சின்ன அளவில் வாங்குங்கள். மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, நடுவிரல் பட்டை மட்டும் போதும். கை கோணலாகவோ கட்டை விரல் முதலிலோ இறங்கினால் தண்ணீர் அதைக் கழற்றிவிடும். கழன்று விழுந்தால் திட்டாதீர்கள், அது வேலை செய்கிறது. தோள் வலி உள்ளவர்கள் பக்கம் வைக்கவே வேண்டாம்.

என் மகனுக்கு ஏழு வயது. கோடை முகாமில் சேர்த்தேன். கை கன்னாபின்னாவென்று விழுகிறது. வெளியே நின்று நான் கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம். இப்போதே திருத்தாவிட்டால் கெட்டுப்போகுமா?
– அசோக் நகர், ஓர் அம்மா

கெட்டுப்போகாதும்மா. ஏழு வயதில் தலையைத் தண்ணீருக்குள் வைக்கிறானா, குமிழி விடுகிறானா, மல்லாந்து மிதக்கிறானா? இது மூன்றும் இருந்தால் கை தன்னால் வரும். தண்ணீருக்குள் இருக்கும் பிள்ளைக்கு நீங்கள் கத்துவது கேட்காது, உங்கள் முகம் மட்டும்தான் தெரியும். அடுத்த முறை கேலரியில் பின்வரிசையில் போய் உட்காருங்கள், கையில் ஒரு பாக்கெட் பிஸ்கட் வைத்துக்கொள்ளுங்கள். குளத்திலிருந்து வெளியே வரும்போது அவனுக்குப் பயங்கரமாகப் பசிக்கும்.